யாஸ்மின் ஹம்மாமெத் விடுமுறை: ஒப்பந்த மீறல் குறித்த புகாரும் பணத்தைத் திருப்பித் தரக் கோரிக்கையும்

அனுப்புநர்: வடமேற்கு லண்டனில் வசிக்கும் உங்கள் வாடிக்கையாளர்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, பயண முகவர் நிறுவனம், லண்டன்
பொருள்: துனிசியா, ஆல் இன்க்ளூசிவ் (உணவும் குடிபானமும் எல்லாம் கட்டணத்திலேயே அடங்கிய) கடற்கரை விடுமுறை, ஆகஸ்ட் மாதப் பயணம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். யாஸ்மின் ஹம்மாமெத்தில் ஒரு வாரம் தங்குவதற்காக எனக்கும் என் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் எழுபது வயதை எட்டிய என் தாயாருக்கும் சேர்த்து உங்கள் நிறுவனத்திடம் 3,640 பவுண் கட்டினேன். விமானம், விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கான பேருந்து, கடலைப் பார்த்த தரைத்தள அறைகள், மூன்று வேளை உணவு, இடையிடையே சிற்றுண்டி, நாள் முழுவதும் குடிபானங்கள், தாயாருக்குச் சைவ உணவு ஆகிய அனைத்தும் அந்தப் பணத்தில் அடங்கும் என்று நீங்கள் அனுப்பிய உறுதிப்படுத்தல் கடிதத்தில் எழுதியிருக்கிறது. திரும்பி வந்த நாளிலிருந்து உங்கள் அலுவலகத்தோடு தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் பேசிப் பேசி ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் எடுத்து, நடந்ததை முதலிலிருந்து சொல்ல வைத்து, மேலிடத்துக்கு அனுப்பியிருப்பதாகக் கூறி வைத்துவிடுகிறார். விளம்பரமும் பதிவும் தமிழிலேயே நடந்தமையால் இப்புகாரையும் தமிழில் எழுதுகிறேன். தேவைப்படும் இடங்களுக்கு ஆங்கிலப் பிரதி தனியே போகும்.

நடந்தது இதுதான். ஹோட்டல் வரவேற்பு மேசையில் எங்களுக்கு முன்னால் நின்றவர்களுக்கு ஆல் இன்க்ளூசிவ் விருந்தினருக்கான நீல நிறக் கைப்பட்டை கட்டினார்கள்; எங்களுக்கு வெள்ளைப் பட்டை கட்டினார்கள். காரணம் கேட்டபோது அந்தப் பணியாளர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். எங்கள் ஐவருக்கும் உங்கள் நிறுவனம் ஹாஃப் போர்ட், அதாவது காலை உணவும் இரவு உணவும் மட்டும், என்றே பதிவு செய்திருந்தது. ஆல் இன்க்ளூசிவ் என்பதற்காக எங்களிடம் மேலதிகப் பணம் வாங்கிய நீங்கள், ஹோட்டலுக்கு அந்தப் பணத்தை அனுப்பவே இல்லை என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன பொருள் இருக்க முடியும்? தவறுதலாக நடந்திருந்தால் ஒரு தொலைபேசி அழைப்பில் அன்றிரவே திருத்தியிருக்கலாம். நீங்கள் திருத்தவில்லை.

வெள்ளைப் பட்டைக்கு இரவு உணவின்போது தண்ணீர்கூடக் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. துனிசியாவில் ஆகஸ்ட் வெயில் எப்படியிருக்கும், வெளிநாட்டுப் பயணிகள் அங்கே குழாய்த் தண்ணீரைக் குடிப்பதில்லை என்பதையெல்லாம் அந்தக் கரைக்கு ஆட்களை அனுப்பிப் பிழைக்கும் நிறுவனம் அறிந்தே இருக்கும். மற்றப் பிள்ளைகள் நீச்சல் குளத்தருகே ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு ஓடும்போது, என் மகள் தன் கையிலிருந்த வெள்ளைப் பட்டையைத் துவாயால் மறைத்துக்கொண்டு நின்றாள். காசு கொடுத்தும் கையேந்தி நிற்க வைத்த அந்த அவமானத்துக்கு நீங்கள் எந்தக் கணக்கில் ஈடு எழுதப் போகிறீர்கள்?

இனி உங்கள் தொலைபேசிப் பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவசரத் தேவைக்கென்று நீங்கள் கொடுத்த எண்ணில் முதல் இரவே அழைத்தேன். எடுத்தவர் தன் பெயரைச் சொல்ல மறுத்தார். ஹாஃப் போர்டுக்கும் ஆல் இன்க்ளூசிவுக்கும் ஒரு தண்ணீர்ப் போத்தல்தானே வித்தியாசம், அதற்கா இந்த நேரத்தில் அழைப்பது என்று கேட்டார். தாயாரின் சைவ உணவைப் பற்றிச் சொன்னபோது, "அந்தக் கிழவிக்காகத் துனிசியாக்காரன் புதிதாகச் சமைப்பானா?" என்றார். என் தாயார் பக்கத்தில்தான் இருந்தார். ஒலிபெருக்கியில் அதைக் கேட்டார். அதன் பிறகு அந்த வாரம் முழுவதும் அவர் எதையும் வாய் திறந்து கேட்கவில்லை. அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். அழைப்புகள் பதிவு செய்யப்படுகின்றன என்று உங்கள் குரல்தானே முதலில் அறிவிக்கிறது. இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் அந்த மனிதரைப் பற்றி நடவடிக்கை எடுத்தீர்களா என்ற கேள்வியை நான் மறக்கப் போவதில்லை.

அதே மனிதர்தான் எங்களை நாபூலுக்கும் அனுப்பினார். உங்கள் உள்ளூர்ப் பங்காளி நிறுவனத்தின் அலுவலகம் அங்கே இருப்பதாகவும், உறுதிப்படுத்தல் கடிதத்துடன் நேரில் போனால் உடனே பட்டையை மாற்றித் தருவார்கள் என்றும் சொன்னார். நாபூல் ஹம்மாமெத் நகரையும் தாண்டி இருக்கிறது. நாங்கள் போனது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் நாபூலில் பெருஞ்சந்தை கூடும் என்பதும், கடற்கரை ஹோட்டல்களிலிருந்து பேருந்து பேருந்தாகப் பயணிகள் அங்கே போவார்கள் என்பதும் உங்கள் சுற்றுலாப் பட்டியலிலேயே இருக்கிறது. அந்த நெரிசலில் மஞ்சள் டாக்சியில் மீற்றர் ஓட ஓட உட்கார்ந்திருந்து, பிள்ளைகளோடு வெயிலில் தெருத்தெருவாக விசாரித்து, கடைசியில் அந்த முகவரியைக் கண்டுபிடித்தபோது அங்கே மட்பாண்டக் கடை ஒன்று இருந்தது. அலுவலகம் தெற்கேயுள்ள சூஸ் நகருக்கு இடம் மாறிவிட்டதாகக் கடைக்காரர் சொன்னார். அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்கு நாற்காலி போட்டு, தாயாருக்குத் தேநீர் கொடுத்தவரும் அந்தக் கடைக்காரர்தான். உங்கள் நிறுவனத்தோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. நாங்கள் இறங்கிய என்ஃபிதா விமான நிலையம் ஹம்மாமெத்துக்கும் சூஸுக்கும் நடுவில் இருக்கிறது. ஹம்மாமெத் வடக்கே, சூஸும் போர்ட் எல் கந்தாவியும் தெற்கே. நீங்கள் ஏற்பாடு செய்த பேருந்து முதலில் தெற்கே போய் அங்குள்ள ஹோட்டல்கள் எல்லாவற்றிலும் ஆட்களை இறக்கிவிட்டு, வந்த வழியே திரும்பி விமான நிலையத்தைக் கடந்து எங்களை வடக்கே கொண்டுசென்றது. முழங்கால் வலியுள்ள முதியவர் ஒருவர் வருகிறார் என்று பதிவின்போதே எழுதிக் கொடுத்திருந்தேன். அறைகள் தரைத்தளத்திலும் இல்லை. கடல் பக்கமும் இல்லை.

உணவைப் பற்றி நான் சும்மா குறைகூறுவதாக உங்கள் மின்னஞ்சல் ஒன்று சொல்கிறது. துனிசியச் சமையலை நான் குறைகூறவில்லை. அந்த மக்கள் சுவையறிந்து சமைப்பவர்கள். ஆனால் அங்கே காய்கறிச் சாலட் மீதும் டூனா மீனும் முட்டையும் வைப்பது வழக்கம். மிளகாயையும் தக்காளியையும் சுட்டுச் செய்கின்ற மெஷ்வியாவும் அப்படித்தான் வரும். பிரிக் என்ற பொரித்த பலகாரத்தின் உள்ளே முட்டையும் டூனாவும் இருக்கும். கோதுமை ரவையாலான கூஸ்கூஸைப் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு கொதிக்கும் பாத்திரத்தின் மேலேயே ஆவியில் அவிப்பார்கள். ஆகவே சைவ உணவு வேண்டுமென்றால் சமையலறைக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொன்னால் அவர்கள் செய்து தருவார்கள். ஹோட்டல் மேலாளரே, எழுதி அனுப்பியிருந்தால் செய்திருப்போம், இலண்டனிலிருந்து எதுவும் வரவில்லை என்று என்னிடம் கூறினார். என் தாயார் அந்த வாரத்தைப் பாணிலும் ஹரிஸா என்ற மிளகாய் விழுதிலும் பேரீச்சம்பழத்திலும் கழித்தார். அந்த வாரத்தில் வந்த தம் பிறந்தநாளன்றும் அதுவே அவருடைய உணவு.

கையில் ஒரு தினார்கூடத் தேவைப்படாது என்று உங்கள் விற்பனையாளர் சொன்னதை நம்பிப் போனோம். ஹோட்டலின் நட்சத்திரத் தரத்துக்கேற்ப ஒவ்வோர் இரவுக்கும் அங்கேயே கட்ட வேண்டிய தங்கல் வரி இருப்பதைக்கூட நீங்கள் தெரிவிக்கவில்லை. துனிசியத் தினாரை நாட்டுக்குள் கொண்டுபோகவும் முடியாது, வெளியே கொண்டுவரவும் முடியாது என்பதால், மதிய உணவுக்கும் தண்ணீருக்கும் மாத்திரைக்குமாக அங்கேயே மீண்டும் மீண்டும் பவுண் மாற்றினோம். எல் ஜெம் நகரின் அரங்கைப் பார்க்கப் போவதற்கென ஒதுக்கிய காசு முழுவதும் இப்படியே கரைந்தது. மூன்றாம் நூற்றாண்டில் ரோமானியர் கட்டிய, 1979 முதல் உலக மரபுச் சின்னமாக இருக்கின்ற அந்த அரங்கைப் பற்றிப் பள்ளியில் படித்துவிட்டு ஆண்டு முழுவதும் காத்திருந்தவன் என் மகன். அதைப் பார்க்காமலே திரும்பினான். ஓராண்டு உழைப்பும் ஒரு குடும்பத்தின் கோடைக்காலமும் முற்றாக அழிந்துபோயின; இனி ஒரு விடுமுறை என்ற எண்ணமே எங்கள் வீட்டில் எழப்போவதில்லை.

தயவுசெய்து இதைப் பகையாக எண்ண வேண்டாம். எங்கள் சமூகத்தில் பலர் உங்களை நம்பிப் பயணம் செய்கிறார்கள். நீங்கள் நேர்மையாகத் தீர்த்துவைத்தால் அதையும் அவர்களிடம் சொல்வேன். ஆனால் ஹோட்டல்தான் பொறுப்பு என்றோ உள்ளூர்ப் பங்காளிதான் பொறுப்பு என்றோ மீண்டும் எழுதாதீர்கள். விமானத்தையும் ஹோட்டலையும் சேர்த்து விற்றவர் நீங்கள். பிரித்தானியாவின் 2018ஆம் ஆண்டுப் பயணத் தொகுப்பு ஒழுங்குவிதிகளின்படி, சேவையை யார் வழங்கினாலும் ஏற்பாட்டாளரே பொறுப்பாளி. அட்டோலிடம் விண்ணப்பியுங்கள் என்று உங்கள் அலுவலர் அளித்த ஆலோசனையும் பிழையானது. அது நிறுவனம் முறிந்துபோனால் பயணிகளைக் காப்பதற்கான ஏற்பாடு, உங்களைப் போல் இயங்கிக்கொண்டிருக்கும் நிறுவனத்தின் ஒப்பந்த மீறலுக்கானதன்று. விடுமுறை கெட்டதால் ஏற்பட்ட ஏமாற்றத்துக்கும் இழப்பீடு உண்டு என்பது இந்நாட்டில் 1972இலேயே தீர்ந்துபோன விடயம்: ஜார்விஸ் வழக்கில், 63 பவுண் 45 பென்ஸ் கட்டி ஏமாந்தவருக்கு டென்னிங் பிரபு தலைமையிலான மேன்முறையீட்டு நீதிமன்றம் 125 பவுண் வழங்கியது.

ஆகவே நான் கட்டிய முழுத்தொகையையும், அங்கே செலவழித்த தினார்களுக்குரிய பவுணையும், மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும், என் தாயாருக்கு எழுத்திலான மன்னிப்பையும் 14 நாட்களுக்குள் எதிர்பார்க்கிறேன். மற்றவற்றில் பேச இடமிருக்கிறது, மன்னிப்பில் இல்லை. பற்றுச்சீட்டுகளின் பிரதிகளும், இரண்டு நிறப் பட்டைகளின் படமும், வரவேற்பு மேசையில் கிடைத்த அச்சுப் பிரதியும் இணைக்கப்பட்டுள்ளன. தவறினால், கடனட்டையில் கட்டிய பணத்தை 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் வங்கியிடம் கோருவேன். மிகுதிக்குச் சிறுகோரிக்கை நீதிமன்றத்தில் வழக்கிடுவேன். அந்தத் தொலைபேசி உரையாடலின் பதிவையும் அங்கே கேட்டுப் பெறுவேன்.

உங்கள் பதிலை எழுத்தில் மட்டும் அனுப்புங்கள். தொலைபேசியில் அழைக்க வேண்டாம். என் தாயார் இருக்கும் வீட்டில் உங்கள் அலுவலகத்தின் குரல் இனி ஒலிக்கக் கூடாது.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
உங்கள் வாடிக்கையாளர்