இருபத்து மூன்று சைக்கிள்களின் நன்றி மடல்

மார்கழி மூன்றாம் ஞாயிறன்று பெசன்ட் நகரிலிருந்து ராயபுரம் வரை சைக்கிளில் போய்த் திரும்பிய எங்களுக்கு வழியில் கைகொடுத்தவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பெயர்களை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அவசரத்தில் உதவி வாங்குகிறவர்களுக்கு அந்த மரியாதை மறந்துபோகிறது. வீட்டுக்கு வந்து, காலை நீட்டி உட்கார்ந்த பிறகுதான் வெட்கம் வந்தது. ஆகவே இடத்தையும் நேரத்தையும் சொல்லித்தான் உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. உங்களைத் தெரிந்த யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து உங்களிடம் காட்டட்டும்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு எலியட்ஸ் கடற்கரையில் ஷ்மிட் நினைவு மண்டபத்தின் முன் கூடினோம். கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் 1930-இல் உயிர்விட்ட டென்மார்க் மாலுமிக்காகக் கட்டியது அது. பிறருக்கு உதவப் போனவரின் பெயரில் தொடங்குவது நல்ல சகுனம் என்று பெருமையாகச் சொன்னேன். "அவர் திரும்பி வரவில்லையே, அத்தை" என்றான் எங்கள் குழுவின் பன்னிரண்டு வயதுப் பையன். யாரும் சிரிக்கவில்லை. கிளம்பிவிட்டோம்.

மயிலாப்பூர் மாட வீதி அம்மாவுக்கு முதலில் ஒரு மன்னிப்பு. மார்கழியில் அந்தத் தெருக்களில் சைக்கிள் ஓட்டுவது எளிதன்று. வாசலைத் தாண்டிப் பாதித் தெரு வரை கோலம் வந்துவிடுகிறது. நாங்கள் வளைந்து வளைந்துதான் போனோம். ஆனாலும் எங்களில் ஒருவரின் சக்கரம் உங்கள் கோலத்தின் ஒரு மூலையில் ஏறிவிட்டது. நாங்கள் வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றபோது, நீங்கள் கோலப்பொடிக் கிண்ணத்தை எங்கள் பெண்ணிடமே நீட்டி, "அந்த நான்கு இழையை நீயே போட்டுவிட்டுப் போ" என்றீர்கள். அவள் போட்டது கோலம் போலவே இல்லை. நீங்கள் அதன் நடுவில் ஒரு பூசணிப்பூவை வைத்துக் குறையை மறைத்தீர்கள். அந்தப் பெண் இப்போது தினமும் வாசலில் பயிற்சி எடுக்கிறாளாம். அவளுடைய அம்மா நம்ப மறுக்கிறார்.

மெட்ரோ பணிக்காக வைத்திருந்த தகரத் தடுப்புகளுக்கு நடுவே வழி தவறியது என் குற்றம். முன்னால் போனவள் நான்தான். இருபத்து மூன்று பேரும் ஒரு முட்டுச்சந்தில் போய் நின்று, ஒவ்வொருவராகச் சைக்கிளைத் தூக்கித் திருப்பி, கலங்கரை விளக்கச் சந்திப்புக்கு வந்து சேர்ந்தபோது அங்கே பணியில் இருந்த பெண் காவலர் எங்களை ஓரங்கட்டினார். அபராதம் என்றே நினைத்தேன். "இவ்வளவு நீளமாகப் போனால் சிக்னல் உங்களை நடுவில் அறுத்துவிடும். பின்னால் இருப்பவர் பதறி ஓட்டுவார். ஆறு ஆறு பேராகப் பிரிந்து போங்கள், ஒவ்வொரு பாலத்துக்கும் அந்தப் பக்கம் நின்று சேர்ந்துகொள்ளுங்கள்" என்றார். மூன்று வாரம் உட்கார்ந்து நாங்கள் போட்ட திட்டத்தில் இந்த ஒரு வரி இல்லை, மேடம். அன்று முழுக்க அப்படியே செய்தோம். சிக்னலில் யாரும் சிக்கிக்கொள்ளவில்லை.

எங்கள் கடைசி ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர் குழுவைச் சேர்ந்தவர், அவருக்கு எதற்கு மடல் என்று சிலர் கேட்டார்கள். ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். பின்னால் கேரியரும் பக்கவாட்டில் ஸ்டாண்டும் உள்ள பழைய கறுப்புச் சைக்கிளில் வந்தார். காலை முதல் மாலை வரை தனக்குப் பின்னால் ஒருவரையும் விடவில்லை. யாராவது மூச்சு வாங்கினால் தனக்குச் செயின் கழன்றுவிட்டதாகச் சொல்லி இறங்கி நிற்பார். அந்தச் செயின் அன்று ஒன்பது முறை கழன்றது. செயின் உறை முழுமையாக மூடிய சைக்கிளில் அது எப்படிக் கழலும் என்று எனக்கு மாலையில்தான் உறைத்தது. மெரினாவில் உழைப்பாளர் சிலையருகே நின்றபோது, 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இந்தக் கடற்கரையில்தான் என்று பையனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சிலை அதற்கு வெகு பின்னால், 1959-இல் வந்ததையும் விடாமல் சேர்த்துச் சொன்னார்.

நேப்பியர் பாலத்தில் வாடை எதிரே அடித்தது. சென்னையில் மலை கிடையாது, எங்களுக்குப் பாலங்கள்தான் மலை. 1869-இல் கட்டிய அந்தப் பாலத்தை 2022 செஸ் ஒலிம்பியாடின்போது சதுரங்கக் கட்டமாக்கினார்கள். கட்டங்களை எண்ணிக்கொண்டே மிதித்தால் களைப்புத் தெரியவில்லை என்றார் ஒருவர், எனக்குத் தெரிந்தது. கோட்டைக்குள் போகவில்லை. எங்களில் நால்வர் அடையாள அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

இனி ராயபுரம். 1856-இல் வாலாஜா ரோடுக்குத் தென்னிந்தியாவின் முதல் ரயில் கிளம்பிய நிலையத்தின் தூண்களை நாங்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு சைக்கிளின் பின்சக்கரம் உஸ்ஸென்று அடங்கியது. என் பையில் மாற்று டியூப்கள் ஆறு இருந்தன, ஆறும் இருபத்தாறு அங்குலம். பஞ்சரானதோ எழுநூறு அளவுள்ள மெல்லிய டயர். நிலையத்துக்குப் பின்சந்தில் கடை வைத்திருக்கும் பெரியவரே, நீங்கள் ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்க மாட்டீர்களாம். பக்கத்து வீட்டுச் சிறுவன் போய்ச் சொன்னதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டீர்கள். தொட்டித் தண்ணீரில் டியூபை முக்கிக் குமிழி பார்த்து, உரைத்து, சொல்யூஷன் தடவி ஒட்டியதெல்லாம் நாங்கள் அறிந்த வேலைதான். காற்றடிக்கும்போதுதான் வந்தது வினை. அந்த டியூபின் ஒல்லி மூக்கில் உங்கள் பம்பு பொருந்தவில்லை. இரண்டு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு அதன் பிளாஸ்டிக் மூடியின் நுனியைப் பிளேடால் சீவி, தலைகீழாகத் திருப்பி மூக்கிலேயே மாட்டி, அதன் மேல் பம்பை வைத்து அடித்தீர்கள். ஏறிவிட்டது. முப்பதாயிரம் ரூபாய் கொடுத்து அந்தச் சைக்கிளை வாங்கியவர் வாயடைத்து நின்றார். நீங்கள் வாங்கியது நாற்பது ரூபாய். நூறு ரூபாயை நீட்டியபோது, "சில்லறை இல்லையென்றால் சிறுவனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுங்கள்" என்றீர்கள்.

காசிமேட்டில் மீன் கூடைகளிலிருந்து வடிந்த தண்ணீர் சாலையில் எண்ணெய் போலக் கிடந்தது. வாடகைக்கு எடுத்த ஒரு சைக்கிளின் பிரேக் கட்டை தேய்ந்திருந்ததை நாங்கள் கிளம்பும்போதே பார்த்திருக்க வேண்டும். சறுக்கியது, ரிம் கோணிவிட்டது, ஓட்டிவந்தவரின் முழங்கால் சிராய்த்துவிட்டது. ஐஸ் பெட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்துத் துண்டில் சுற்றிக் கொடுத்த மீன்காரம்மாவுக்கும், சரக்கை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பவிருந்த குட்டியானை வண்டியில் அவரையும் சைக்கிளையும் ஏற்றி அடையாறு வரை கொண்டுபோய்விட்ட தம்பிக்கும் எங்கள் நன்றி. டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லையாமே. முழங்கால் ஆறிவிட்டது. சைக்கிளில்தான் வஞ்சிர வாசனை இன்னும் போகவில்லை. வாடகைக் கடைக்காரர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

கடைசியாக, சிந்தாதிரிப்பேட்டை அக்கா. எங்களில் பதினோரு பேர் பெண்கள். வரைபடத்தில் தேவாலயம், கோட்டை, ரயில் நிலையம், ரிப்பன் மாளிகை எல்லாவற்றையும் குறித்திருந்தேன். கழிப்பறையைக் குறிக்கவில்லை, நானும் ஒரு பெண்ணாக இருந்தும். பாரிமுனையிலிருந்தே பலர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருத்திக்குத் தலைசுற்றி உங்கள் திண்ணையில் உட்கார்ந்தாள். நீங்கள் தண்ணீர் கொண்டுவந்தீர்கள், அவள் வேண்டாம் என்றாள். அந்த 'வேண்டாம்' உங்களுக்கு உடனே புரிந்துவிட்டது. கதவை அகலத் திறந்து, "செருப்பைக் கழற்றிவிட்டு எல்லோரும் வரிசையாக வாருங்கள்" என்றீர்கள். பதினோரு பேர் போய் வந்தோம். உங்கள் மாமியார் தன் மதியத் தூக்கத்தை விட்டு எழுந்து எங்களுக்கு மோர் கலக்கினார். நெசவாளர்களுக்காக 1734-இல் உருவான பேட்டை அது என்று சொல்வதற்காக நான் எழுதிவைத்திருந்த குறிப்பு பையிலேயே கிடந்தது. அன்று அங்கே பேசியதெல்லாம் உப்பு, பெருங்காயம், உங்கள் வீட்டுத் தண்ணீர் லாரி எந்தக் கிழமை வரும் என்பதைப் பற்றித்தான். அடுத்த முறை எந்த ஊர்வலமானாலும் முதலில் கழிப்பறைகளைக் குறித்துவிட்டு, மற்ற இடங்களை அவற்றுக்கு நடுவே பொருத்துவதாக முடிவு செய்திருக்கிறோம்.

மாலை ஐந்தே காலுக்கு இருபத்திரண்டு சைக்கிள்கள் ஷ்மிட் மண்டபத்துக்குத் திரும்பின. இருபத்து மூன்றாவது நபர் கட்டுப்போட்ட காலோடு அங்கே பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "நாமெல்லாம் திரும்பி வந்துவிட்டோம், அத்தை" என்றான் பையன்.

ராயபுரத்துப் பெரியவருக்கு இன்னும் ஒரு செய்தி. பைகளைக் கொட்டி அடுக்கியபோது, கைப்பிடியில் சிவப்பு நூல் சுற்றிய ஒரு ஸ்பானர் கிடைத்தது. எங்களுடையதில்லை, உங்கள் பெட்டியிலிருந்து எங்களோடு வந்துவிட்டது. அதில்லாமல் இந்த வாரம் எப்படிச் சமாளித்தீர்களோ. வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்குள் கொண்டுவந்து கொடுக்கிறோம். கடையைத் திறக்க வேண்டாம், வீட்டிலேயே இருங்கள். சிறுவனுக்கு மிட்டாயும் வருகிறது.

அன்புடன்,
அன்று முன்னால் போய் வழி தவறியவள்