விமான இரைச்சலுக்குச் சராசரிக் கணக்குப் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கட்டுநாயக்க, இரத்மலானை விமான நிலையங்களை அண்டி வாழ்வோர் இரைச்சலைப் பற்றி முறையிடும்போது, சட்டம் இருக்கிறது, அதை அமுல்படுத்தினால் போதும் என்று பலரும் கருதுகிறார்கள். சட்டம் இருப்பது உண்மைதான். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 1996 மே 23ஆம் திகதி 924/12ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் வெளிவந்தன. ஆனால் அவற்றின் அளவுகோல் ஆலை இயந்திரத்துக்கும் மின்பிறப்பாக்கிக்கும் பொருந்துவதுபோல விமானத்துக்குப் பொருந்துவதில்லை.

ஒழுங்குவிதிகள் காலை 6 மணி முதல் மாலை 6 வரை பகல் என்றும், மீதி 12 மணி நேரத்தை இரவு என்றும் பிரிக்கின்றன. பிரதேச சபைப் பகுதிகளுக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல். மாநகர, நகர சபைப் பகுதிகளுக்கு 63, 50. ஏற்றுமதி வலயங்களுக்கும் கைத்தொழில் பேட்டைகளுக்கும் 70, 60. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றர் வரையான அமைதி வலயத்துக்கு 50, 45. இவை எல்லாமே சராசரி அளவுகள். ஒரு கால அளவுக்குள் வந்த ஒலிச்சக்தி முழுவதையும் அந்த நேரத்துக்குச் சமமாகப் பரப்பினால் வரும் எண்.

கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. தாழப் பறந்து இறங்கும் ஒரு ஜெட் விமானத்தின் ஒலி முழுவதையும் ஒரே வினாடிக்குள் அடக்கினால் 90 டெசிபல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விமானம் தலைக்கு மேலே வரும் கணத்தில் வெளியே ஏறத்தாழ 80 டெசிபல் இருக்கும். இதை 15 நிமிடத்துக்குச் சராசரி எடுத்தால் 60.5 வரும். 12 மணி நேர இரவுக்கு எடுத்தால் 43.6தான். அதே விமானம், அதே ஒலி. கால் மணி நேரம் அளந்தவருக்கு வரம்பு மீறப்பட்டிருக்கிறது, இரவு முழுவதும் அளந்தவருக்கு மீறப்படவில்லை. முழு இரவுக் கணக்கின்படி இப்படிப்பட்ட 4 விமானங்கள் நள்ளிரவில் போனாலும் நகர சபைப் பகுதியின் 50 டெசிபல் வரம்புக்குள் அடங்கிவிடும். ஏற்றுமதி வலய வரம்புக்குள் 43 விமானங்கள் அடங்கும். தூங்கும் மனிதனோ சராசரியைக் கேட்பதில்லை. ஒவ்வொரு முறையும் எழும் உச்ச ஒலிதான் அவனை எழுப்புகிறது. படுக்கையறைக்குள் அந்த உச்சம் 45 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு வழிகாட்டலிலேயே சொல்லிவிட்டது.

ஆகவே விமான இரைச்சலுக்கென்று தனி அட்டவணை ஒன்றை இந்த ஒழுங்குவிதிகளில் சேர்க்க வேண்டும். அதில் மூன்று விடயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: எவ்வளவு நேரத்துக்குச் சராசரி, ஒரு தனி விமானத்தின் உச்ச வரம்பு என்ன, இரவு எப்போது தொடங்குகிறது. மாலை 7 மணியையும் அதிகாலை 2 மணியையும் ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டுப் பணிப்புரையின் கணக்கில் மாலை நேர ஒலியுடன் 5 டெசிபலும் இரவு நேர ஒலியுடன் 10 டெசிபலும் கூட்டப்படுகின்றன. 10 டெசிபல் கூட்டுவதென்றால், இரவில் போகும் ஒரு விமானம் பகலில் போகும் பத்து விமானங்களுக்குச் சமமாக எண்ணப்படுகிறது என்று பொருள். இந்தியாவும் 2018இல் விமான நிலைய இரைச்சல் வலயங்களுக்குத் தனி வரம்பு விதித்தது.

அடுத்தது கட்டட அனுமதி. எங்கள் கருத்தில் பலன் அதிகம், செலவு குறைவு என்றால் அது இங்கேதான். விமான நிலையத்துக்கு அருகே உயரமான கட்டடம் எழுப்ப சிவில் விமான சேவைகள் அதிகார சபையின் உயர அனுமதி வேண்டும் என்பது கட்டுவோருக்குத் தெரியும். உள்ளூராட்சி சபையும் நகர அபிவிருத்தி அதிகார சபையும் பிளானைப் பார்க்கும் அதே மேசையில் இரைச்சல் வரைபடம் ஒன்றும் இருந்தால் போதும். ஓடுபாதையின் இரு முனைகளிலிருந்தும் வெற்றிலை வடிவில் நீளும் சமஒலிக் கோடுகள், அதாவது ஒரே அளவு இரைச்சல் விழும் இடங்களை இணைக்கும் கோடுகள், அந்த வரைபடத்தில் இருக்கும். உள் கோட்டுக்குள் பாடசாலையோ வைத்தியசாலையோ புதிதாகக் கட்டக்கூடாது. அடுத்த கோட்டுக்குள் வீடு கட்டலாம், ஆனால் படுக்கையறைக்கு ஒலித்தடுப்பு கட்டாயம். கட்டுநாயக்கவில் இரண்டாவது முனையத் திட்டம் முன்னே நிற்கிறது. கோடுகளை இன்றைய விமான எண்ணிக்கைக்கு வரைந்தால் அவை சில ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். எதிர்பார்க்கும் எண்ணிக்கைக்கே வரைய வேண்டும்.

ஒலித்தடுப்பு என்றதும் தடித்த கண்ணாடியைத்தான் பலர் நினைக்கிறார்கள். நம்மூர் வீட்டில் முதல் எதிரி யன்னலுக்கு மேலே எப்போதும் திறந்திருக்கும் காற்றுத் துவாரம். சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மீதிச் சுவர் எவ்வளவு கனமானதாக இருந்தாலும், 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. பத்தில் ஒரு பங்கு திறந்திருந்தால் 10 டெசிபல்தான். வெளியே 80 என்றால் கட்டிலருகே 70. அடுத்த எதிரி சீலிங் இல்லாத அஸ்பெஸ்டஸ் கூரை. விமானத்தின் ஒலி மேலிருந்துதான் வருகிறது. துவாரத்தை அடைத்தால் புழுக்கம் தாங்காது. ஆகையால் உட்புறம் ஒலி உறிஞ்சும் பஞ்சு பதித்து, காற்று வளைந்து வரும் பெட்டித் துவாரம் ஒன்றும், கூரைக்குக் கீழே இடைவெளி விட்டுக் கனமான சீலிங்கும் வேண்டும். சுதந்திர வர்த்தக வலயத்தைச் சுற்றியுள்ள போடிங் அறைகளில் இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் பெண் தொழிலாளர்களை இங்கே மறந்துவிடக்கூடாது. அவர்களுக்குப் பகல்தான் இரவு. எந்த அட்டவணையும் இதுவரை அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

பறக்கும் முறையிலும் செய்யக்கூடியது உண்டு. கட்டுநாயக்க ஓடுபாதை தென்மேற்கு வடகிழக்காகக் கிடக்கிறது. தென்மேற்கு முனைக்கு அப்பால் நீர்கொழும்புக் களப்பு, வடகிழக்கே குடியிருப்புகள். விமானம் காற்றை எதிர்த்தே ஏறி இறங்கும். எனவே தென்மேற்குப் பருவத்தில் இறங்கும் விமானங்கள் குடியிருப்புகளுக்கு மேலாக வருகின்றன. வடகிழக்குப் பருவத்தில் ஏறும் விமானங்கள் அவற்றின் மேல் செல்கின்றன. காற்று அடங்கிய நள்ளிரவில், போக்குவரத்து குறைந்த வேளையில், களப்புப் பக்கமிருந்தே இறங்கி களப்புப் பக்கமாகவே ஏறச் செய்யலாம். இரண்டும் எதிரெதிர்த் திசை என்பதால் விமானங்களுக்கிடையே கூடுதல் இடைவெளி தேவை. இரைச்சலைக் காரணம் காட்டி ஓடுபாதையைத் தெரிவு செய்யும்போது பின்காற்று 5 நொட், பக்கக் காற்று 15 நொட் என்ற சர்வதேச வரம்புகளை மீறவும் கூடாது. பாதுகாப்புக்குப் பின்னர்தான் அமைதி என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இடையிடையே சமமட்டத்தில் நிற்காமல் தொடர்ச்சியாக இறங்கும் முறை நல்லதுதான். ஆனால் அதன் பலன் ஓடுபாதையிலிருந்து இருபது, முப்பது கிலோமீற்றர் தள்ளி இருப்பவர்களுக்கே கிடைக்கும். கடைசி 5 கிலோமீற்றரில் எல்லா விமானங்களும் 3 பாகைச் சரிவில்தான் வரும். 5 கிலோமீற்றர் தொலைவில் உயரம் ஏறத்தாழ 280 மீற்றர். அங்கு வாழ்வோருக்கு இந்த முறையைத் தீர்வாகக் காட்டுவது அவர்களை ஏமாற்றுவதாகும்.

இரத்மலானையின் கதை வேறு. அங்கே பயிற்சி விமானங்கள் ஒரே வட்டத்தில் இறங்கி, தொட்டு, மீண்டும் ஏறுகின்றன. உச்ச ஒலி பெரிதல்ல, திரும்பத் திரும்ப வருவதுதான் தொல்லை. எனவே அங்கு ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வட்டம், ஞாயிறு காலையில் எத்தனை மணிக்குப் பின் என்ற வரையறையே பொருந்தும். விமானப் படையின் விமானங்கள், சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்தை ஆளும் 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கைக்குள் வராதவை. அவற்றுக்குத் தனி இணக்கப்பாடு தேவை.

இரவுத் தடையை வேண்டுவோருக்கு ஒரு வார்த்தை. சிட்னியில் இரவு 11 முதல் காலை 6 வரை தடை இருக்கிறது. ஒரேயொரு ஓடுபாதையில் வளைகுடா விமானங்களை இரவிலும் அனுப்பும் கட்டுநாயக்கவுக்கு முழுத் தடையை நாங்கள் ஆதரிக்கவில்லை. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட சமநிலை அணுகுமுறையிலும் தடை முதல் தெரிவாக இருக்கக்கூடாது. ஆனால் அதிக ஒலி எழுப்பும் பழைய விமானங்களை மட்டும் இரவிலிருந்து விலக்கலாம். சிகாகோ உடன்படிக்கையின் அனுபந்தம் 16 விமான இரைச்சல் வரம்புகளை அத்தியாயங்களாக வகுக்கிறது. அதன் பழைய 3ஆம் அத்தியாய வரம்பைச் சற்றே தொட்டு நிற்கும் விமானம், அதே நிறையுள்ள புதிய 14ஆம் அத்தியாய விமானத்தைவிட மூன்று அளவிடங்களிலும் (ஏறும் பாதை, ஓடுபாதைப் பக்கம், இறங்கும் பாதை) சேர்த்து 17 டெசிபலாவது அதிகமாக ஒலிக்கும். ஒவ்வொரு விமானத்துக்கும் இரைச்சல் சான்றிதழ் உண்டு என்பதால் பிரித்தறிவதும் சிரமமில்லை.

அளவீடு இல்லாமல் இவற்றில் எதுவும் நடவாது. ஒலிவாங்கியை, சுற்றியுள்ள கூரைகளுக்கு மேலாக, குறைந்தது 6 மீற்றர் உயரக் கம்பத்தில் நிறுவ வேண்டும். விமானத்தின் உச்ச ஒலி சூழல் ஒலியைவிட 15 டெசிபலாவது கூடுதலாக இருக்கும் இடமே தகுந்த இடம். பிரதான வீதியோரம் வைத்தால் பஸ்ஸும் விமானமும் கலந்துவிடும். பதிவை ராடர் தடத்தோடு பொருத்தி, மாதந்தோறும் மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும்.

அதுவரை முறையிடுவோர் தொலைபேசிச் செயலி காட்டும் டெசிபலை நம்பி எழுத வேண்டாம். ஒவ்வொரு கைத்தொலைபேசியும் வெவ்வேறு எண்ணைக் காட்டும், அதிகாரி அதை ஒதுக்கிவிடலாம். திகதி, நிமிடம் பிசகாத நேரம், ஏறியதா இறங்கியதா, எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு, நீங்கள் நின்ற இடம், யன்னல் திறந்திருந்ததா என்ற ஆறையும் இரண்டு வாரம் விடாமல் குறித்து, மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் சிவில் விமான சேவைகள் அதிகார சபைக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நேரம் சரியாக இருந்தால் அந்த விமானம் எது என்பதைப் பறப்புப் பதிவிலிருந்து அவர்களால் கண்டுபிடிக்க முடியும்.

இப்படிக்கு,
ஒலியளவீட்டுத் துறை சார்ந்த வாசகர்கள்,
தெஹிவளை.