போலீஸ் ஆகப்போகிற மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் கேள்வி கேட்பாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடும். எழுதினால் மறக்காது. முப்பது வருஷம் பதிவேடு எழுதிய கை.

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். தக்காளி இந்த முறை பறிகூலிக்குக்கூடக் கட்டவில்லை. பாலக்கோட்டு மண்டிக்கு ஏற்றிப் போனதுதான் மிச்சம். செவலை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

நீ எஸ்.ஐ. தேர்வானதை ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பெங்களூரில் ஏசியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவன் லத்தி பிடிக்கப் போகிறானாம் என்று சிரித்த உன் பெரியம்மா, இப்போது பேரனுக்கு யோசனை கேட்க உன் நம்பர் வாங்கிப் போனாள். நானும் கொடுத்தேன், பெருமையாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அடிப்படைச் சம்பளம் 36,900. படிகள் எல்லாம் சேர்ந்தாலும் நீ கம்பெனியில் வாங்கியதில் பாதி வராது. வீட்டுக் கடன் இன்னும் பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை.

அதுவும் போகட்டும். கம்ப்யூட்டர் குற்றங்களுக்கான ஐடி சட்டத்தில் வழக்குப் போட்டால் இன்ஸ்பெக்டரும் அவருக்கு மேலே உள்ளவர்களும்தான் விசாரிக்க முடியும், 78-வது பிரிவு என்று நீயே சொன்னாய். அப்புறம் எஸ்.ஐ.யாகப் போய் நீ என்ன செய்வாய், கம்ப்யூட்டருக்குத் தூசி தட்டுவாயா என்று கேட்டேன். நீ சிரித்தாய். பேங்குக்கு எழுதிப் போட்டு பணம் போன வழியைக் கேட்பது, போன் கம்பெனியில் அழைப்பு விவரம் வாங்குவது, பிடித்த போனில் உள்ளது எதுவும் மாறாமல் நகல் எடுப்பது, இதெல்லாம் யார் செய்வது என்றாய். நகல் எடுத்தால் 'ஹேஷ்' என்று ஓர் எண் வரும், உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண்ணே வேறாகிவிடும், கோர்ட்டில் அதைக் காட்ட வேண்டும் என்றாய்.

எங்கள் இருப்புப் பதிவேட்டிலும் அதே கதைதான் சாமி. ஓர் அடித்தல் இருந்தால் பக்கத்தில் கையெழுத்து இல்லாமல் ஆடிட்காரர் விடமாட்டார். அழுகிய முட்டை எத்தனை என்றுகூட எழுதி வைப்பேன். என் சத்துணவு மையத்தில் ஒரு முட்டை கணக்கில் குறைந்ததில்லை. அது உனக்கே தெரியும். பெற்ற பிள்ளை என்று உனக்கு இரண்டாவது முட்டை வைத்ததில்லை. அதற்காக நீ ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. கேழ்வரகு மாவு அனுப்புகிறேன், சென்னையில் களி கிண்ட முடியாவிட்டால் கூழாவது காய்ச்சிக் குடி. யாரிடமும் கை நீட்டிக் காசு வாங்காதே. ஒரு டீகூட வேண்டாம். டீயில்தான் ஆரம்பிக்கும்.

லோக்கல் ஸ்டேஷனில் இருந்து வீட்டுக்கு விசாரிக்க வருவார்கள் என்றாயே, எப்போது வருவார்கள்? உன்னைப் பற்றி மட்டும் கேட்பார்களா, குடும்பத்தில் உள்ளவர்களையும் கேட்பார்களா? பேங்க் கணக்கெல்லாம் பார்ப்பார்களா? சும்மாதான் கேட்கிறேன். திண்ணைக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

நீ ஏன் இந்த வேலைக்குப் போகிறாய் என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அமெரிக்கக்காரன் பேங்குக்குக் கம்ப்யூட்டரில் ராத்திரியெல்லாம் காவல் இருந்தது போதும் என்று சொன்னாய். எனக்கென்னவோ அப்பா ஈமு கோழித் திட்டத்தில் பணம் போட்டு ஏமாந்த சமயத்திலேயே உனக்கு அந்த எண்ணம் விழுந்துவிட்டது என்று தோன்றுகிறது. 2012-ல் பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அப்பா கோயம்புத்தூருக்குப் போனபோது நீயும் கூடப் போனாய். வரிசையில் நின்று அப்பா மயங்கி விழுந்ததை நீதான் வந்து சொன்னாய், அவர் சொல்லவே இல்லை. அந்தப் பணத்துக்காக நான் அப்பாவை என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்! பத்தாவது படித்த எனக்கு இருக்கிற புத்தி உங்களுக்கு இல்லையா என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசினேன்.

சரி, ஆடிப்பெருக்குக்கு நீ வந்திருந்தபோது ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து ஒன்று சொன்னாயே. திருடின பணம் முதலில் ஒரு கணக்குக்குப் போகும், அங்கிருந்து சில நிமிஷத்தில் பத்துக் கணக்காகப் பிரியும், அதனால்தான் ஏமாந்தவர் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும், பணம் நகர்வதற்குள் அந்தந்தக் கணக்கில் நிறுத்தி வைக்கலாம் என்றாய். 1930 தாத்தா பிறந்த வருஷம் என்று அப்பா சொன்னார், அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் மறக்காது. அப்புறம் நீ, அந்தக் கணக்குகள் எல்லாம் யாருடையது தெரியுமா, காலேஜ் பையன்கள், ஆட்டோக்காரர்கள், ஒன்றும் தெரியாத பெண்கள், மாதம் இவ்வளவு என்று வாடகைக்கு விடுகிறார்கள் என்றாய். பாவம் என்று நான் சொன்னேன். பாஸ்புக்கைக் கொடுத்தவரும் கூட்டாளிதான் அம்மா, தெரியாது என்றால் யார் நம்புவார்கள் என்றாய். நான் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனேன். நீ கேட்கவே இல்லை தண்ணீர்.

கண்ணு, தை மாதம் உன் சின்ன மாமா மகன் வந்திருந்தான். புது வேலை, சம்பளம் போட என் கணக்கில் ஏதோ சிக்கல், இரண்டு மாதத்துக்கு உங்கள் பழைய கணக்கைக் கொடுங்கள் அத்தை என்றான். குழுக் கடனுக்குத் திறந்த கணக்கு, சும்மா கிடந்தது. பாஸ்புக், ஏடிஎம் கார்டு இரண்டையும் கொடுத்தேன். என் பேரில் ஒரு சிம் வேண்டும் என்றான், கடைக்குப் போய் விரல் ரேகை வைத்தேன். பங்குனியில் திருப்பிக் கேட்டேன், தருகிறேன் என்றான். ஆடியிலும் கேட்டேன். ஆவணியில் பேங்கில் இருந்து கூப்பிட்டார்கள். கணக்கு முடங்கியிருக்கிறது, வேறு மாநிலத்து சைபர் போலீஸ் சொல்லி முடக்கியது என்று மேனேஜர் சொன்னார். ஒரே நாளில் 4,80,000 ரூபாய் வந்து அன்றைக்கே போயிருக்கிறது. சீட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கண்ணாடி இல்லாமல்கூட எனக்கு அந்த எண் தெரிந்தது. அவன் போன் எடுப்பதில்லை. உன் மாமாவிடம் கேட்டால் ஓசூரில் இருக்கிறான் என்கிறார்.

எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சம்பளம் போடுகிற கம்பெனி எதற்கு அத்தை கணக்கைக் கேட்கும்? அன்றைக்கே எனக்குத் தோன்றியது. அவன் 3,000 ரூபாயை டிவி மேல் வைத்தான், செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றான். மாசியில் தேர்வுக்கு 1500 மீட்டர் ஓட வேண்டும், அதற்கு நல்ல ஷூ வேண்டும், பழையது குதிகாலில் கிழிந்துவிட்டது என்று சொல்லியிருந்தாய். கையில் காசு இல்லை என்று உன்னிடம் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. தோன்றியதைத் தோன்றாத மாதிரி வைத்துக்கொண்டேன். ஏழு நிமிஷத்துக்குள் ஓடி முடித்தேன் அம்மா என்று நீ போன் செய்தபோது நான் அழுதேனே, அது முழுக்கச் சந்தோஷம் இல்லை.

அப்பாவிடம் நேற்று ராத்திரி சொன்னேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. காலையில் எழுந்து மஞ்சள் பையைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் தர்மபுரி சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குப் போகிறோம். பேங்கில் கொடுத்த சீட்டு, அவன் நம்பர், சிம் வாங்கிய கடை, தேதி எல்லாம் வரிசையாக எழுதிவிட்டேன். அடித்தல் திருத்தல் இல்லை. நீ எனக்காக யாரிடமும் பேசாதே. வேலைக்குச் சேரும் முன்பே அம்மாவுக்காகப் பரிந்து பேசினான் என்று உன் பேரில் வரக்கூடாது. வீட்டுக்கு விசாரிக்க வருகிறவரிடமும் நானே சொல்வேன். உன்னைக் கேட்டால் நீயும் மறைக்காதே. இதனால் உன் வேலைக்கு ஏதாவது ஆகுமா என்று மட்டும் விசாரித்து எழுது. போனில் வேண்டாம், எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. யாரிடமும் கை நீட்டாதே என்று எழுத எனக்கு இப்போது வாய் இல்லை, ஆனாலும் நீட்டாதே.

அந்த ஷூவைத் தூக்கிப் போட்டுவிடாதே. இந்த மாத ஓய்வூதியத்தோடு பால் காசையும் சேர்த்து 3,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். யாரிடம் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. ஸ்டேஷனில் வாங்குவார்களா, ரசீது தருவார்களா?

அம்மா