தொட்டி கேட்டவர்களுக்குத் தொட்டியே கொடுத்தீர்கள்

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!

கிறிஸ்துவில் அன்புள்ள பங்கு மக்களுக்கும், அன்பியக் குடும்பங்களுக்கும், மரியாயின் சேனை அம்மாக்களுக்கும், டெக்சாஸிலும் வளைகுடாவிலும் வேலை பார்த்துக்கொண்டே இந்த மலைச் சனங்களை மறக்காமல் இருந்த அத்தனை பேருக்கும் என் வணக்கம்.

சபைத் தலைமை என்னை ஊருக்குத் திரும்பச் சொல்லியிருக்கிறது. மழை பிடிப்பதற்குள் கிளம்பிவிடுவேன். இங்கே இருப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய் நன்றி சொல்லி வருகிறேன். உங்களில் பலரை நான் பார்த்ததுகூட இல்லை. பெயர் சொல்ல வேண்டாம் என்று கொடுத்தவர்களும் உண்டு. வரவு செலவுக் கணக்கைச் சபை அலுவலகம் உங்களுக்கு அனுப்பிவிட்டது. ஆனால் அந்தப் பணம் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது, அந்தக் கைகள் அதற்கு முன்பே எதையெல்லாம் சுமந்துகொண்டிருந்தன என்பதைக் கணக்குத் தாளில் எழுத இடம் கிடையாது. அது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது மெக்சிகோவின் தென்கோடியில், குவாத்தமாலாவை ஒட்டிக் கிடக்கும் சியாப்பாஸ் மாநிலத்தில். சான் கிறிஸ்தோபல் தே லாஸ் காசாஸ் என்ற பழைய நகரம் 2,100 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே வளைந்து வளைந்து இறங்கினால் சேனல்ஓ வட்டாரம். சனங்கள் மாயா இனத்தவர். பேசுவது சோட்சில் மொழி. வயதான பெண்கள் பலருக்கு ஸ்பானிஷ் தெரியாது. சரிவுகளில் காப்பித் தோட்டம், அதற்கு நடுவே மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் ஒன்றாக விளையும் கொல்லை. அவ்வளவுதான் அவர்கள் சொத்து.

இவ்வளவு மழை பெய்யும் மலையில் தண்ணீருக்கு என்ன பஞ்சம் என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தீர்கள். மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை மழை கொட்டும், உண்மைதான். ஆனால் அந்தத் தண்ணீர் நிற்காமல் சரிவில் ஓடிவிடும். மார்ச், ஏப்ரலில் ஊற்று நூலாக இளைத்துவிடும். நெற்றியில் ஒரு பட்டையை மாட்டி, முதுகில் குடத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு பெண்களும் சிறுமிகளும் பாதாளத்தில் இறங்கி ஏறுவார்கள். அந்த இரண்டு மாதமும் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காக வர மாட்டார்கள்.

முதலில் நீங்கள் சிற்றாலயம் கட்டித்தரத்தான் முன்வந்தீர்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். பழைய ஆலயம் பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருக்கிறது, படத்தில் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அதை ஊர்க்கூட்டத்தில் வைத்தோம். இங்கே எதுவானாலும் கூட்டத்தில்தான் முடிவாகும். ஒருவர் விடாமல் பேசி முடிக்கும்வரை கலைய மாட்டார்கள். அன்று சாயங்காலம் பெண்கள் பக்கத்திலிருந்துதான் பதில் வந்தது. ஆலயத்தை நாங்களே மெல்லக் கட்டிக்கொள்வோம், எங்களுக்கு மழைநீர்த் தொட்டி வேண்டும் என்றார்கள். அதை உங்களுக்கு எழுதியபோது எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். நீங்கள் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. தொட்டியிலே யார் பெயரையும் எழுத வேண்டாம் என்று வேறு சொல்லிவிட்டீர்கள். நீங்கள் அனுப்பிய தொகையைவிட இந்தச் சம்மதத்துக்குத்தான் நான் அதிகமாக நன்றி சொல்ல வேண்டும்.

கூட்டத்தைக் கேட்டுச் செய்வது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1960 முதல் சுமார் 40 ஆண்டுகள் இந்த மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த சாமுவேல் ரூயிஸ் விட்டுச் சென்ற வழி அது. கோவேறு கழுதையிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போனவர். சனங்களின் மொழியைக் கற்றுக்கொண்டவர். 1974 அக்டோபரில் சான் கிறிஸ்தோபலில் பழங்குடி மக்களின் மாநாடு நடந்தது. அதற்காக இந்த மறைமாவட்டம் ஊர் ஊராக உழைத்தது. சோட்சில், செல்தால், சோல், தொஹொலபால் ஆகிய நான்கு மொழிக்காரர்கள் ஆயிரத்துக்கும் மேலானோர் வந்து நிலம், வணிகம், கல்வி, உடல்நலம் பற்றித் தங்கள் வாயாலேயே பேசினார்கள். அன்றிலிருந்து இந்த மலையில் வேலை செய்ய வரும் அருள்தந்தையரும் சகோதரிகளும் முதலில் கேட்கக் கற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும். 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் இங்கே வந்து திருப்பலி நிறைவேற்றியபோது, பேராலயத்தில் ஆயர் ரூயிஸின் கல்லறை முன்னால் நின்று செபித்தார். அந்த நாளைப் பற்றி இன்னும் பேசுகிறார்கள்.

சரி, தொட்டிக்கு வருகிறேன். லாரி தார்ச்சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து ஊருக்கு ஒற்றையடிப் பாதை. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி ஒவ்வொன்றும் 2,500 லிட்டர் கொள்ளக்கூடியது. பளு அதிகமில்லை, பருமன்தான் தொல்லை. இரண்டு மூங்கிலில் கட்டி நான்கு பேர் தோளில் தூக்கினார்கள். பாதையின் இரு பக்கமும் காப்பிச் செடி, அப்போதுதான் பூத்திருந்தது. தொட்டி உரசினால் பூ உதிரும், பூ உதிர்ந்தால் அந்த வீட்டுக்கு அடுத்த வருஷம் வருமானம் குறையும். அதனால் பெண்கள் முன்னால் நடந்து, கிளைகளை ஒவ்வொன்றாக வளைத்துக் கயிற்றால் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். தொட்டி கடந்ததும் அவிழ்த்துவிட்டு அடுத்த செடிக்கு ஓடினார்கள். விடியலில் தொடங்கிய வேலை உச்சி வெயில் தாண்டியும் நடந்தது. அந்தத் தோட்டங்களில் சில, தொட்டி பெறாத குடும்பங்களுடையவை. அவர்களும் கயிறு பிடித்தார்கள். நீங்கள் வாங்கிக் கொடுத்தது தொட்டியும் குழாயும். மேடை போட்டது, கூரைக்குத் தகர வாய்க்கால் வெட்டியது, முதல் மழையின் அழுக்குத் தண்ணீர் தனியாகப் போக வழி செய்தது எல்லாம் கூலியில்லாத கூட்டு வேலை. இதற்காக நான் நன்றி சொல்லும் பட்டியலில் அந்த ஊர் முழுக்க இருக்கிறது.

அடுப்புகளும் அப்படித்தான். தரையில் மூன்று கல் வைத்து விறகு எரிப்பார்கள், வீடு முழுக்கப் புகை. புகைபோக்கி வைத்த அடுப்புக்கு நீங்கள் பணம் அனுப்பினீர்கள். முதலில் செய்து காட்டிய அடுப்பின் இரும்புத் தட்டு சின்னதாக இருக்கிறது, பத்துப் பன்னிரண்டு பேர் சாப்பிடும் வீட்டுக்கு ஒரே நேரத்தில் நாலைந்து தோர்த்தீயா போட இடம் வேண்டும் என்று அம்மாக்கள் சொன்னார்கள். தட்டைப் பெரிதாக்கியதும்தான் அடுப்பை நாள்தோறும் மூட்டினார்கள். சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்த மக்காச்சோளத்தை அரைத்து, உள்ளங்கையில் தட்டிச் சுட்டெடுக்கும் அந்த ரொட்டிதான் இங்கே மூன்று வேளையும். நான் தட்டினால் கோணலாகத்தான் வரும். அதையும் எடுத்துச் சாப்பிட்ட பிள்ளைகளுக்கு நன்றி.

மருத்துவச்சிகளைப் பற்றி எழுதாமல் இந்த மடல் முடியாது. நான் செவிலியாகப் பயிற்சி பெற்றவள். ஆனாலும் இந்த மலையில் பிள்ளை பெறும் தாய்மார்களைக் காப்பாற்றி வருவது அவர்கள்தான். தாய் மண்டியிட்டிருக்க, கணவன் முன்னால் உட்கார்ந்து அவளைத் தாங்கிக்கொள்ள, பின்னாலிருந்து பிள்ளையை ஏந்துவார்கள். காசு கேட்க மாட்டார்கள். கொடுத்தால் ஒரு கோழி, கொஞ்சம் பீன்ஸ். அவர்களுக்கென்று கைவிளக்கும் கத்தரியும் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் நீங்கள் அனுப்பினீர்கள்.

ஒரு இரவு நடந்ததைச் சொல்கிறேன். நிறைமாதப் பெண் ஒருத்திக்குக் கால் வீக்கம், பொறுக்க முடியாத தலைவலி. மூத்த மருத்துவச்சி மணிக்கட்டில் நாடி பார்த்தார். முகம் மாறிவிட்டது. கருவியைப் போட்டார். அவருக்கு எண் வாசிக்கத் தெரியாது. பள்ளியில் படிக்கும் பேத்தி வாசித்தாள்: 170, 110. இது இங்கே ஆகாது என்று அவரே முடிவெடுத்தார். பெண்ணை நாற்காலியில் உட்காரவைத்து, அந்த நாற்காலியை நெற்றிப் பட்டையில் மாட்டி, கணவனின் அண்ணன் தம்பிகள் மாறி மாறி முதுகில் சுமந்து ரோட்டுக்கு ஏறினார்கள். நான் பின்னால் விளக்குப் பிடித்துக்கொண்டு போனேன். மேலே பிக்கப் வண்டியோடு காத்திருந்தவர் பிரஸ்பிட்டேரியன் என்ற புரொட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த பெரியவர். இந்த மாநிலத்தில் மதத்தின் பெயரால் அண்டை அயலார் ஒருவரையொருவர் ஊரைவிட்டு விரட்டிய காலம் உண்டு. அவர் எந்தச் சபை என்று யாரும் கேட்கவில்லை, அவரும் டீசலுக்குப் பணம் வாங்கவில்லை. மருத்துவமனையில் சோட்சில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. என்ன செய்கிறது என்று ஸ்பானிஷில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், அவளோ விழித்துக்கொண்டு கிடந்தாள். எங்களோடு வந்திருந்த திருத்தொண்டரின் மனைவிதான் விடிய விடியப் பக்கத்தில் நின்று இரண்டு பக்கமும் பேசினார். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. அந்தக் கருவியை வாங்கிக் கொடுத்தது தவக்கால உண்டியல் காசு. உண்டியலில் போட்ட பிள்ளைகளிடம் பெற்றவர்கள் இதைச் சொல்லிக் காட்டுங்கள்.

திருத்தொண்டர் என்றதும் நம் ஊரில் குருவாகப் போகிறவர்தான் நினைவுக்கு வருவார். இங்கே அவர் மணமானவர், விவசாயி. அவர் போகும் இடமெல்லாம் மனைவியும் கூடப் போவார். நோயாளியைப் பார்ப்பதும் சண்டையைத் தீர்த்துவைப்பதும் இரண்டு பேரும் சேர்ந்துதான். பழங்குடியினரைத் திருத்தொண்டராக்குவது பல வருஷம் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அதற்கு மறுபடி வழிவிட்டார். 2024-இல் இந்த மக்களின் வழிபாட்டு முறைகள் சிலவற்றுக்கு வத்திக்கானின் ஒப்புதலும் கிடைத்தது. திருப்பலியில் அவர்களது வழிபாட்டு நடனம், பெண்கள் தூபம் காட்டுவது, ஊர்ப் பெரியவர்கள் சில செபங்களை முன்னின்று சொல்வது எல்லாம் அதில் அடங்கும். பைன் ஊசியிலை பரப்பிய தரையில், கோப்பால் பிசின் புகைக்கு நடுவே, அந்த அம்மாக்கள் தூபக் கிண்ணத்தோடு வரும்போது எனக்குக் கண் நிறைந்துவிடும். அவர்களுக்கும், மலை ஏறி வந்து மறைக்கல்வி சொல்லித்தரும் வேதியர்களுக்கும் நீங்கள் வாங்கிக் கொடுத்த ரப்பர் பூட்ஸும் மழைக்கோட்டும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன.

துயரமான ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. எங்களுக்குப் பக்கத்திலே ஆக்தியால் என்ற ஊர். 1997 டிசம்பர் 22 அன்று, அங்கே ஆலயத்தில் செபித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் ஆயுதக் குழு பாய்ந்து 45 பேரைக் கொன்றது. பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். இறந்தவர்கள் லாஸ் அபேஹாஸ் என்ற அறவழி அமைப்பைச் சேர்ந்தவர்கள். ஆயுதம் தொடமாட்டோம் என்று உறுதி எடுத்தவர்கள். அவ்வளவு நடந்த பிறகும் அந்த உறுதியை அவர்கள் விடவில்லை. மாதந்தோறும் 22-ஆம் தேதி கூடிச் செபிக்கிறார்கள், நீதி கேட்கிறார்கள். சேனல்ஓவில் முன்பு பங்குத்தந்தையாக இருந்த அருள்தந்தை மார்செலோ பேரெஸ், சோட்சில் இனத்தில் பிறந்தவர், சமாதானத்துக்காக ஊர்வலம் நடத்தியவர். 2024 அக்டோபர் 20 அன்று, ஞாயிறு திருப்பலி முடித்து வெளியே வந்தவரைச் சான் கிறிஸ்தோபலில் சுட்டுக் கொன்றார்கள். அந்த வாரம் நீங்கள் அங்கே திருப்பலி ஒப்புக்கொடுத்தீர்கள், செபமாலை சொன்னீர்கள். அந்தச் செய்தியைக் கூட்டத்தில் வாசித்தோம். கடலுக்கு அப்பால், மொழி தெரியாதவர்கள், தங்கள் சாமியாருக்காக அழுதார்கள் என்று கேட்டபோது வயதானவர்கள் எழுந்து நின்றார்கள். பணத்தால் செய்ய முடியாத உதவி அது.

சண்டைக்குப் பயந்து பிள்ளைகளோடு ஊரை விட்டு ஓடிவந்தவர்களுக்கு மாவும் பீன்ஸும் போர்வையும் கேட்டு நான் அவசரமாகச் செய்தி அனுப்பியபோது, எத்தனை பேர், என்ன சாதி, என்ன மதம் என்று விசாரிக்காமல் அனுப்பினீர்கள். வளைகுடாவில் ஓட்டுநராக இருக்கும் ஒரு தம்பி மாதச் சம்பளத்தில் பாதியை அனுப்பியது எனக்குத் தெரியும். தம்பி, உன் வீட்டுக்கும் பணம் வேண்டும் என்று உனக்கு எழுத நினைத்தேன். அதற்குள் போர்வை வந்து சேர்ந்துவிட்டது. கடவுள் உன்னை நிறைவாக ஆசீர்வதிக்கட்டும்.

எனக்குப் பதிலாக இங்கே வரும் சகோதரி ஏற்கெனவே சோட்சில் படிக்கத் தொடங்கிவிட்டார். என்னிடம் காட்டிய அன்பை அவரிடமும் காட்டுங்கள். அவர் கூட்டத்தில் கேட்டு எழுதும்வரை பொறுத்திருங்கள், பிறகு அனுப்புங்கள். கடைசியாக நடந்த கூட்டத்தில், மேல்கரைக் குடும்பங்களுக்கு இன்னும் தொட்டி வரவில்லை என்று சொன்னார்கள். மருத்துவச்சியின் பேத்தி செவிலியர் படிப்புக்குப் போக ஆசைப்படுகிறாள், அதையும் எழுதிவைத்திருக்கிறேன்.

ஊருக்கு வந்ததும் ஒவ்வொரு அன்பியத்துக்கும் நானே வருகிறேன். மருத்துவச்சி அம்மா கொடுத்தனுப்பும் காப்பிக்கொட்டை ஒரு மூட்டை இருக்கிறது. வறுத்துப் பொடித்து எல்லோருக்கும் பங்கு உண்டு.

செபத்துடன்,
உங்கள் சகோதரி
சேனல்ஓ, சியாப்பாஸ், மெக்சிகோ