செவலையின் குறட்டையும் குளத்து நத்தையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

மழைக்கால மாடு வளர்ப்பு பற்றிய உங்கள் கட்டுரையில் கோமாரி இருந்தது, மடிநோய் இருந்தது. குறட்டை நோய்க்கு ஒரு வரிகூட இல்லை. குளத்திலும் வாய்க்காலிலும் மாடு இறங்குகிற எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் தலைவலி.

முந்தைய வருடம் கார்த்திகையில் எங்கள் செவலை மூச்சு விட்டால் கர்ர் கர்ரென்று திண்ணை வரை கேட்டது. சளி என்று சொல்லி இரண்டு மாதம் ஊசி போட்டார்கள். மூக்கில் ரத்தமும் சேர்ந்து ஒழுக ஆரம்பித்த பிறகு, வேறொரு டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். உள்ளே காலிஃபிளவர் மாதிரி சதை. சளியில் வளைந்த வளைந்த முட்டைகள். மூக்கின் ரத்தக் குழாயில் குடியிருக்கும் புழுவாம். 1933-லேயே ராவ் என்ற நம் நாட்டு ஆய்வாளர் விவரித்தது.

மருந்தில் குணமானது. அடுத்த மழைக்கு மறுபடியும் கர்ர். பின்னே, இறங்குவது அதே குளத்தில்தானே? சளியோடு முட்டை தண்ணீரில் விழுந்து பொரிக்கிறது. குஞ்சு நத்தைக்குள் புகுந்து பல மடங்காகப் பெருகி வெளியே வந்து, தண்ணீரில் நிற்கிற மாட்டின் தோலைத் துளைக்கிறது. எருமை பெரிதாகக் குறட்டை விடாது, ஆனால் அதுவும் புழுவைச் சுமக்கும். நடவுப் பெண்களுக்குக் காலில் வருகிற அரிப்புக்கும் இந்த மாதிரி மாட்டுப் புழுக்கள் ஒரு காரணம்.

நத்தையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்: தட்டையாக, முறுக்கு மாதிரி சுருண்ட ஓடு. வெங்காயத்தாமரை இலையைத் திருப்பினால் வழவழவென்று முட்டை ஒட்டியிருக்கும்.

நத்தையைக் கொல்ல மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடலாம் என்றார் ஒருவர். போட்டால் மீனும் சாகும். குளத்தை ஏலம் எடுத்தவர் சும்மா விடுவாரா? கோடையில் குளம் வற்றினால் நத்தை செத்துப்போகும் என்று நம்பவும் முடியாது. சேற்றுக்குள் ஒடுங்கிக் கிடந்து அடுத்த மழைக்கு எழுந்து வருகிறது.

நான் இப்போது அடிபம்புத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றித்தான் காட்டுகிறேன். அறுவடை முடிந்து வருகிற வாத்துக்காரர்களைக் குளக்கரைப் பக்கமும் விடச் சொன்னேன். வாத்துக்கு நத்தை என்றால் உயிர். நம் ஆட்கள்தான் தண்ணீர் கலங்குகிறது என்று விரட்டுகிறார்கள்.

இந்த வருடம் குளம் தூர் வாரினார்கள். நடுவில் ஆழமாக மண் எடுத்தார்கள், மண்ணுக்கு விலை உண்டு. ஓரத்து வெங்காயத்தாமரையை யாரும் தொடவில்லை. நத்தை இருப்பதே அங்கேதான். அடுத்த கோடையில் ஓரத்தையும் வழிக்கச் சொல்லி நீங்கள் ஒரு செய்தி போட்டால் அதிகாரிகள் காதில் விழும்.

– ஒரு பால்மாட்டுக்காரர், நீடாமங்கலம்