ஜே லீக் நிர்வாகத்துக்கு: ரசிகர்களைக் கேட்காமல் இனி ஒரு அணியையும் கலைக்காதீர்கள்

ஜப்பானின் தொழில்முறை கால்பந்து லீக்கான ஜே லீக்கின் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 1998 அக்டோபர் 29 அன்று, யோகோஹாமா ஃப்ளூகல்ஸ் அணியை அதே ஊர் மரினோஸுடன் இணைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. 1993-ல் உங்கள் லீக் தொடங்கியபோது இருந்த பத்து அணிகளில் அதுவும் ஒன்று. பணம் போட்டவர்களில் கட்டுமான நிறுவனமான சாதோ கோக்யோ நெருக்கடியில் கைவிரித்தது. இன்னொரு முதலீட்டாளரான விமான நிறுவனம் ஆல் நிப்பான் ஏர்வேஸ் தனியாகச் சுமக்கத் தயாராக இல்லை. நிறுவனங்களின் கஷ்டம் புரிகிறது. ஆனால் எல்லாம் பேசி முடித்த பிறகுதான் ரசிகர்களுக்கு விஷயமே தெரிந்தது. அதை இன்றைக்கும் ஏற்க முடியவில்லை.

அணி ஊருக்குச் சொந்தம், கம்பெனிக்கு அல்ல என்று சொன்னது நீங்கள்தானே? அதற்காகத்தான் அணிப் பெயர்களிலிருந்து கம்பெனிப் பெயர்களை எடுக்க வைத்தீர்கள். மக்கள் அதை நம்பினார்கள். இணைப்பை எதிர்த்துக் கையெழுத்து இயக்கமே நடத்தினார்கள். பலன் இல்லை.

அப்புறம் நடந்ததை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அந்த அறிவிப்புக்குப் பின் ஃப்ளூகல்ஸ் ஒரு போட்டியில் கூடத் தோற்கவில்லை. தோற்றால் வெளியேற வேண்டிய ஜப்பானின் தேசியப் போட்டியான பேரரசர் கோப்பைதான் கடைசி; அதில் ஒரு தோல்வி வந்தால் அன்றோடு அணியே இல்லை. அந்த நிலையில் காலிறுதியில் ஜூபிலோ இவாடாவையும் அரையிறுதியில் காஷிமா ஆன்ட்லர்ஸையும் வென்றார்கள். அந்த ஆண்டு லீக் பட்டத்துக்கு மோதிய இரண்டு அணிகள் அவை! 1999 ஜனவரி 1, டோக்கியோ தேசிய மைதானம். ஷிமிசு எஸ்-பல்ஸ் முதல் கோலைப் போட்டது. இடைவேளைக்குச் சற்று முன் குபோயாமா சமன் செய்தார். இரண்டாம் பாதியில் யோஷிடா வெற்றி கோலை அடித்தார். 2-1. கேப்டன் யாமாகுச்சி கோப்பையை வாங்கியபோது, அடுத்து ஆட அவர்களுக்கு ஓர் அணி இல்லை.

ஃப்ளூகல்ஸின் நினைவாக மரினோஸ் பெயரில் ஓர் ‘எஃப்’ சேர்ந்தது. அது போதும் என்று ரசிகர்கள் இருந்துவிடவில்லை. தாங்களே பணம் திரட்டி யோகோஹாமா எஃப்சியைத் தொடங்கினார்கள். ஜே லீக்குக்கு வெளியே, அதற்குக் கீழ்நிலை லீக்கான ஜேஎஃப்எல்லில் 1999, 2000 இரண்டு ஆண்டும் முதலிடம். 2001-ல் ஜே லீக்கின் இரண்டாம் டிவிஷன். 2007-ல் முதல் டிவிஷன். அந்த மார்ச்சில், ஃப்ளூகல்ஸ் ஆடிய அதே மிட்சுசாவா மைதானத்தில் மரினோஸை 1-0 என வென்றார்கள். ஓர் அணியை நடத்தும் திறமை ரசிகர்களுக்கு உண்டா என்று இனி யாராவது கேட்டால், இதைக் காட்டுங்கள்.

2013 பருவத்திலிருந்து, லீக்கில் ஆட அணிகளுக்குத் தரும் உரிமத்தின் விதிகள் மூலம் அவற்றின் வரவு செலவைக் கண்காணிக்கிறீர்கள். நல்ல காரியம். கூடவே ஒன்றைச் செய்யுங்கள். விற்பனை, இணைப்பு, கலைப்பு எதுவானாலும் ரசிகர்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அணியைத் தாங்களே ஏற்று நடத்த முடியுமா என்று பார்க்க அவர்களுக்கு ஒரு முழு பருவமாவது அவகாசம் தர வேண்டும். அது முடியும்வரை லீக் ஒப்புதல் தரக் கூடாது. இதை உரிம விதிகளிலேயே எழுதி வையுங்கள்.

அன்புடன்,
ஒரு கால்பந்து ரசிகன்