மாத்திரை உணவுக்கு ஈடாகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கர்ப்பகால வைட்டமின் மாத்திரையைத் தவறாமல் விழுங்கினாலே ஊட்டச்சத்துக் கவலை தீர்ந்துவிடும் என்ற எண்ணம் படித்த குடும்பங்களிலும் வேரூன்றியிருப்பதால் இதை எழுதுகிறேன். மாத்திரையின் பயனை நான் மறுக்கவில்லை. பின்னர் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் கருவின் நரம்புக் குழாய், கருத்தரித்த ஏறக்குறைய 28 நாள்களுக்குள், அதாவது பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதை அறியும் முன்பே, மூடிக்கொள்வதால், அது சரியாக மூடிக்கொள்ள உதவும் ஃபோலிக் அமிலத்தை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் அளவில் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே எடுத்துக்கொள்வது அவசியம். இரும்புச்சத்தை உலக சுகாதார நிறுவனம் நாளொன்றுக்கு 30 முதல் 60 மில்லிகிராம் வரை பரிந்துரைக்கிறது.

ஆனால் புரதமும் நார்ச்சத்தும் உடலுக்கு வேண்டிய ஆற்றலும் மாத்திரையில் கிடைப்பதில்லை. கால்சியத்தின் அன்றாடத் தேவை முழுவதையும் ஒரே மாத்திரையில் அடக்க இயலாது. அப்படியே அடக்கினாலும், அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். கருவின் மூளை வளர்ச்சிக்குத் தேவையான கோலின் பல தயாரிப்புகளில் பெயரளவுக்கே உள்ளது, சிலவற்றில் அதுவும் இல்லை. (உறையின் பின்புறப் பட்டியலை எத்தனை பேர் படிக்கிறோம்?) குறையை ஈடுகட்ட இரண்டு மூன்றாக விழுங்குவது இன்னும் ஆபத்தானது, ரெட்டினால் வடிவிலான வைட்டமின் ஏ அளவுக்கு மீறினால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடுகள் உண்டாகலாம்.

மருந்துச் சீட்டை எழுதித் தரும் மருத்துவர்கள், அந்தப் பெண் அன்றாடம் என்ன உண்கிறார், வாந்திக்குப் பின் அதில் எவ்வளவு தங்குகிறது, இரத்தசோகை உள்ளதா, விலங்குணவைத் தவிர்ப்பதால் வைட்டமின் பி12 குறைந்திருக்கிறதா என்பனவற்றையும் கேட்டறிந்து, அவரவர் தேவைக்கேற்ப உணவு ஆலோசனையையும் அதே சீட்டிலேயே எழுதித் தர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்